என் ஜெபப் பட்டியல் வெளியே போன நாள்

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் மாட்டார் என்று நான் முடிவு கட்டிய ஒரு புதன்கிழமையைப் பற்றித்தான் இந்தச் சாட்சி. சபையில் என்னை எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களின் சாட்சியை முன்னால் நின்று வாசிக்கிறவள் நான்தான். இன்னாருக்குச் சுகம் கிடைத்தது, இன்னார் மகளுக்கு வேலை கிடைத்தது என்று வாசித்துவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். என்னுடையது என்று எழுத இதுவரை கை வரவில்லை. இப்போதும் தயக்கமாகத்தான் இருக்கிறது. இதில் அவமானப்பட்டவள் நான் மட்டும் இல்லை. அதனால் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ரூபி. எங்கள் தீவில் ஆயர் ஈத்தாம் என்ற ஊரில், மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். ஜார்ஜ்டவுனில் ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, துண்டுகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கடையில் எனக்கு வேலை. கணவர் சேகர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அவர் விசுவாசி இல்லை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை என்னைச் சபை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்.

எங்கள் சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. யாருக்காவது பாரம் வந்தால் ஒரு நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லுவார்கள். அந்த நம்பர் என்னுடையது. பாஸ்டரம்மாதான் அந்த ஊழியத்தை என்னிடம் கொடுத்தார். "ரூபி, உன்கிட்ட சொன்னா வெளிய போகாதுலா," என்றார். உண்மைதான். எனக்கு வாய் நீளம், ஊர்க்கதை எல்லாம் பேசுவேன். ஆனால் ஜெப விஷயத்தை மட்டும் யாரிடமும் விட்டதில்லை.

எனக்கு இருந்த குறை மறதிதான். ஒருமுறை முட்டிவலிக்காக ஜெபிக்கச் சொன்ன பெரியவருக்கு, ஆள் மாறிப்போய்க் குழந்தைப் பாக்கியம் கேட்டு ஜெபித்துவிட்டேன். போனில் அந்தப் பக்கம் அவரும் பயபக்தியாக ஆமென் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். போனில் ஒருவர் பெயரைப் பதியும்போது அவர் பாரத்தையும் பெயரோடு சேர்த்துப் போட்டுவிடுவேன். 'ஸ்டெல்லா குழந்தை', 'குணா குடி', 'பாஸ்டரம்மா பிரஷர்' என்று இப்படி. காலையில் ஆயர் ஈத்தாமில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பெயர்களைத் திறப்பேன். கத்தோலிக்கர் செபமாலை உருட்டுவது போல விரலால் ஒவ்வொரு பெயராகத் தள்ளித் தள்ளி ஜெபிப்பேன். பஸ் டவுனுக்குள் நுழையும்போது பட்டியல் முடிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பட்டியலில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் லில்லி அக்கா. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கிறார். மகன் டேனியல் சிங்கப்பூரில் வேலை செய்கிறான் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். ஆனால் அவன் சிறையில் இருந்தான். கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில். போதைப்பொருள் வழக்கு. என்னிடம் மட்டும்தான் சொன்னார். முதலில் பஸ், ஃபெரி, மறுபடி பஸ், டாக்சி என்று மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருநாள் ஃபெரி துறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. அதோடு போக முடியவில்லை. யாரிடமாவது கார் கேட்கலாம் என்றால், எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டுமே. மகன் முகத்தைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 'லில்லி அக்கா மகன் ஜெயில்' என்று போட்டு வைத்திருந்தேன். "ஆண்டவரே, இந்தத் தாய் மகனைப் பார்க்க ஒரு வழி காட்டும்" என்று தினமும் கேட்டேன். ஒரு வழியும் வரவில்லை.

இன்னொருவர் தாசன் அண்ணன். மாக் மண்டினில் லாரி பட்டறையில் வேலை. தனி ஆள். சபையில் யாராவது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் முறைத்தே எழுப்பிவிடுவார். ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் வேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் என்னிடம் எந்தப் பாரமும் சொன்னதில்லை. நானாகவே 'தாசன் அண்ணே கோபம்' என்று போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மழைக்காலத்தில் சேகரின் மோட்டார் வெள்ளத்தில் நின்று எஞ்சின் கெட்டது. மோட்டார் ஓடாத நாளில் அவருக்கு ஒரு காசு வராது. மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்காரர் எண்ணூறு வெள்ளி ஆகும் என்றார். என் சொந்த அக்காவிடம் வாங்கிய பழைய கடனே பாக்கி இருந்தது. வங்கிப் பக்கம் எங்களைப் போன்றவர்கள் தலை காட்ட முடியாது. அப்போதுதான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. தமிழிலேயே இருந்தது. சம்பளச் சீட்டு வேண்டாம், ஜாமீன் வேண்டாம், உடனே பணம் என்றது. ஜாமீன் வேண்டாம் என்று அவர்கள் சொன்னது பொய் என்று பிறகுதான் புரிந்தது.

அந்தச் செயலியை இறக்கியதும் வரிசையாக அனுமதி கேட்டது. படங்களைப் பார்க்கலாமா? தொடர்புப் பெயர்களைப் பார்க்கலாமா? டார்ச்லைட் செயலிகூட இதையெல்லாம் கேட்கிறது, நாம் எதையும் வாசிக்காமல் சரி, சரி என்று தட்டிவிடுகிறோம். நானும் பஸ்ஸில் உட்கார்ந்து அப்படித்தான் தட்டினேன். ஜெபித்து முடித்த அதே விரல்தான்.

எண்ணூறு கேட்டேன், கையில் வந்தது ஐந்நூற்றுச் சொச்சம். மீதி என்னவோ கட்டணமாம். ஒரே வாரத்தில் எண்ணூறும் திரும்பக் கட்ட வேண்டுமாம். கட்ட முடியவில்லை. அதைக் கட்ட இன்னொரு செயலியில் எடுத்தேன். அதைக் கட்ட இன்னொன்று. என் சம்பளம் கைக்கு வரும் முன்னாலேயே காணாமல் போனது. மோட்டார் ஓடியது, ஆனால் சேகர் சம்பாதித்ததெல்லாம் அந்தக் குழிக்குள் போனது. அவரிடம் ஒரு கடனைத்தான் சொல்லியிருந்தேன். சபையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அத்தனை பேரின் பாரமும் இருந்த அந்தப் போனில் என் பாரம் மட்டும் இல்லை. மற்றவர்களுக்காக ஜெபிக்கிறவள் என்ற பெயரை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை, சலவைக்கடையில் தேநீர் நேரத்தில் போன் வந்தது. பேசியவன் நம்ம தமிழ்ப் பையன். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"அக்கா, பணம் என்னாச்சு?"

"தம்பி, சம்பளம் வந்ததும் போட்டுர்றேன். ஒரு வாரம் பொறுத்துக்கங்க."

"முடியாதுக்கா. உங்க போன் லிஸ்ட் என்கிட்ட இருக்கு. என்னக்கா இது, லில்லி அக்கா மகன் ஜெயில்னு போட்டிருக்கு? இவங்ககிட்ட கேட்டா பணம் கொடுப்பாங்களா?"

"தம்பி, என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்கங்க. அவங்கள விட்டுருங்க. அவங்க கடன் வாங்கல," என்றேன்.

"புதன்கிழமை பன்னெண்டு மணிக்கா," என்று வைத்துவிட்டான்.

நான் செய்த முதல் காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். போனிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தேன். நான் இங்கே அழித்தால் அவனிடம் இருப்பதும் அழிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பாதி அழித்த பிறகு கூட வேலை செய்யும் பெண் சொல்லித்தான் தெரிந்தது, அது அப்படிப் போகாதாம்.

செவ்வாய்க்கிழமை லில்லி அக்காவிடம் நேரில் சொல்லிவிடுவது என்று கீழே இறங்கினேன். கையில் ஏதாவது வேண்டுமே என்று ஒரு பாவாடையை எடுத்துக்கொண்டேன். கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றார். "மகனுக்கு லீவு கிடைக்கலையாம். சிங்கப்பூர்ல வேலைன்னா சும்மாவா?" என்று லில்லி அக்கா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே சொன்னார். வாடிக்கையாளர் போனதும் என்னைப் பார்த்தார். அந்தப் பொய் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய கண்ணில், நீ இருக்கிறாய் என்ற ஒரு தைரியம் இருந்தது. "இத ஒரு இஞ்சு குறைக்கணும்கா," என்று பாவாடையைக் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். அது எனக்கு ஏற்கெனவே கட்டை.

அன்று முழுவதும் சாப்பிடவில்லை. உபவாசம் என்று சொன்னேன், பயம் என்பதுதான் சரி. சலவைக்கடையில் விரிப்புகளைக் காயப்போடும் அறையில் நின்று ஜெபித்தேன். கடன் தீர வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. "ஆண்டவரே, அந்தப் பட்டியலை மறைத்துவிடும். அந்தப் பையனின் போன் கெட்டுப்போகட்டும். லில்லி அக்காவின் பெயர் மட்டும் வெளியே போகவே கூடாது" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக ஜெபித்தது இல்லை.

புதன்கிழமை மதியம் வாட்சப்பில் ஒரு குழு உண்டானது. அதன் பெயரே மலாயில் 'ரூபி மோசக்காரி'. என் அடையாள அட்டைப் படமும் என் முகமும் மேலே இருந்தன. என் போனில் இருந்த அத்தனை பேரையும் அதில் சேர்த்திருந்தான். சபையார், சொந்தக்காரர், முதலாளியம்மா, சேகரின் கூட்டாளிகள், சேகர் எல்லாரும். இவள் கடன் வாங்கி ஏமாற்றுகிறாள் என்று எழுதி, அதற்குக் கீழே என் பட்டியலை அப்படியே போட்டான். ஸ்டெல்லா குழந்தை. குணா குடி. லில்லி அக்கா மகன் ஜெயில். ஒவ்வொருவரும் தன் பெயரை வாசித்தார்கள். பிறகு அடுத்தவர் பெயரை வாசித்தார்கள். இன்னார் வெளியேறினார், இன்னார் வெளியேறினார் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

அப்போது லில்லி அக்காவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி வந்தது.

"ரூபி, உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஈரத் துண்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஸ்தோத்திரம் என்ற சொல்லே கசந்தது. ஆண்டவருக்கு ஒரு பையனின் போனைக் கெடுக்க முடியவில்லையா? இத்தனை வருடம் பஸ்ஸில் பேசியது யாரோடு? சாவது நல்லது என்று எனக்குப் பட்டது. எத்தனையோ பேருக்கு, நம்பிக்கையை விடாதீர்கள் என்று சொன்னவள்தான் நான். எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை.

சேகர் மோட்டாரை எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்கே வந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை கடன் இருக்கு, இப்பவாவது சொல்லு," என்றார். சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "எங்க முருகனுக்கு லிஸ்ட் எல்லாம் வேணாம். சும்மா முருகான்னா போதும். உனக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு?" என்றார். அவர் கிண்டல் செய்கிறார் என்றால் என்னை விட்டுவிட்டுப் போகமாட்டார் என்று அர்த்தம். நான் ஓ என்று அழுதுவிட்டேன்.

நாங்கள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. பாதிப் பேருக்கு மேல் வெளியேறிவிட்டார்கள். லில்லி அக்கா வெளியேறவில்லை. அவருக்கு எப்படி வெளியேறுவது என்று தெரியாது. செய்தி தாசன் அண்ணனிடமிருந்து. எனக்கு விழப்போகும் அடுத்த அடி என்று பயந்தேன். சேகர்தான் அழுத்தினார். பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது.

"கோபம் தாசன் பேசுறேன். லோன்காரத் தம்பி, நீயும் இருந்து கேட்டுக்க. லில்லிக்கா, உங்க மகன் பேரு டேனியல்தானே? என் கூடப்பொறந்த தம்பியும் உள்ள இருக்கான். கடல் தாண்டி இருக்கிற ஜெயிலு. இத்தன வருசமா நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. மாசா மாசம் வேன எடுத்துக்கிட்டு போய் பாத்துட்டு வர்றேன். அவன் சொல்லுவான், ஆயர் ஈத்தாம் பையன் டேனியல்னு ஒருத்தன் இருக்கான்ணே, அவன பாக்க யாருமே வர்றதில்லன்னு. உங்க டேனியல் சிங்கப்பூர்ல இருக்கான்னு நம்பிட்டேன்கா. வேன்ல பக்கத்து சீட்டு எப்பவும் காலியாத்தான் இருக்கு. அடுத்த தடவ வாங்க. இடுப்புக்குத் தலகாணி போட்டுக்கலாம்."

அந்தச் செய்தியைச் சேகர் மறுபடியும் போட்டார். மறுபடியும். ஒரே சபையில், ஒரே மாதிரிப் பாரத்தோடு இரண்டு பேர் வாரா வாரம் வந்து உட்கார்ந்து போயிருக்கிறார்கள். நடுவில் நான் ஒருத்தி. அவருடைய பாரம் என்ன என்று ஒருநாளும் கேட்காமல், கோபம் என்று போட்டு வைத்திருந்தேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பாஸ்டரம்மா என்னைத் திட்டிக்கொண்டே போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் புகார் கொடுக்க வைத்தார். அந்தச் செயலிகள் உரிமம் இல்லாதவை என்று அங்கேதான் தெரிந்தது. நம்பரை மாற்றினேன். சேகர் தன் நண்பர்களிடம் வாங்கி, நாங்கள் உண்மையில் கையில் வாங்கிய பணத்தைக் கட்டினார். அந்த நண்பர்களுக்கு இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஸ்டெல்லாவும் அவள் கணவரும் சபையை விட்டுப் போய்விட்டார்கள். குழந்தைக்காக வெளியே ஜெபிக்கச் சொன்ன விஷயம் மாமியாருக்குப் போய்ச் சேர்ந்து வீட்டில் பெரிய சண்டை. நான் கதவைத் தட்டியபோது அவள் திறக்கவில்லை. அதற்கு எந்த ஆறுதலும் எனக்கு இல்லை. ஜெபச் சங்கிலி இப்போது என் கையில் இல்லை. அது சரிதான்.

லில்லி அக்கா பல வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடையைக் கடந்து போனால் தையல் இயந்திரத்தின் சத்தம் வேகமாகும். பாவாடையை மட்டும் ஒரு இஞ்சு குறைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு என் கதவில் மாட்டியிருந்தார். அதைப் பார்த்து எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை தாசன் அண்ணனின் வேன் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நின்றது. மாடியிலிருந்து பார்த்தேன். லில்லி அக்கா நல்ல புடவை கட்டி இறங்கி வந்தார். தாசன் அண்ணன் சீட்டில் தலையணையை வைத்துத் தட்டிக் கொடுத்தார். பெருநிலத்துக்குப் போகும் பாலம் இருக்கும் பக்கமாக வேன் திரும்பியது. அப்போது எனக்கு உறைத்தது. தினமும் பஸ்ஸில் நான் கேட்ட வழி இதுதானே. செவ்வாய்க்கிழமை நான் எதை மறைக்கச் சொல்லி அழுதேனோ, அது வெளியே வராமல் இந்த வேன் வந்திருக்காது. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டிருக்கிறார். நான் கடைசியாக ஜெபித்ததை அல்ல, முன்பிருந்தே ஜெபித்து வந்ததை. இதை எழுதும்போதும் ஸ்டெல்லாவை நினைத்தால் எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை. ஆனாலும் நன்றி சொல்கிறேன். வாய் கசந்தாலும் சொல்கிறேன்.

இப்போது என் போனில் வெறும் பெயர்கள்தான் இருக்கின்றன. பஸ்ஸில் அதே மாதிரித் தள்ளித் தள்ளி ஜெபிக்கிறேன். பாரம் என்ன என்று மறந்துபோனால் ஆண்டவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறேன். பட்டியலில் முதல் பெயராக ரூபி என்று என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களில் எத்தனை பேர் போனில் இப்படி ஒரு கடனை மறைத்து வைத்துக்கொண்டு ஆராதனையில் பாடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவராவது இருப்பீர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பையன் போனில் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் முறைக்கிறவராக இருந்தாலும் சொல்லுங்கள். நம் ஆண்டவர் அவர் வழியாகவும் பதில் கொடுப்பார், நம்புங்கள்.

லில்லி அக்கா மறுபடி என்னோடு பேசிய நாளில் ஒன்று சொன்னார். அதைச் சொல்லி முடிக்கிறேன். அந்தச் சனிக்கிழமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேனியல் வந்து நின்றானாம். ரொம்ப மெலிந்திருந்தானாம். இரண்டு பேரும் ஆளுக்கொரு டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, முதலில் அழுதார்களாம். பிறகு அவன், "எப்படிம்மா வந்தே?" என்று கேட்டானாம்.

"நம்ம ரூபி லோன் எடுத்தாடா," என்றாராம் லில்லி அக்கா. "அதான் வந்தேன்."